உஷார்! குடல் கழுவும் சிங்குக்குப் பக்கத்தில் சூப்பிப் போத்தலா?

பிள்ளைகளே, கொஞ்சம் நில்லுங்கள். அடுப்பைப் பற்றவைக்க முதல் இதை வாசித்துவிடுங்கள்.

மருதானையில் ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு எந்த ஒழுங்கைக்குள் நுழைந்தாலும் மிளகும் பெருஞ்சீரகமும் வறுபடும் வாசம். போனில் ஒரு அக்கா செட்டிநாட்டுக் குடல் குழம்பு செய்து காட்டுகிறா. அடுத்தவர் ஈரல் மிளகு வறுவல். அதற்கடுத்து ஹைதராபாத் மூளை மசாலா. பார்த்த கையோடு கடைக்கு ஓட்டம். 2022 நெருக்கடிக்குப் பிறகு விலையும் ஒரு காரணம். தனி இறைச்சி வாங்கக் கட்டாத வீடுகளிலும் குடலும் ஈரலும் வாங்கலாம்.

குடல் தின்னாதீர்கள் என்று சொல்ல நான் வரவில்லை. ஒல்லாந்தர் காலத்தில் வந்திறங்கிய மலாய்க்காரரின் பாபத் (மாட்டு இரைப்பை) கறி, கொம்பனித்தெரு, மருதானை, தெமட்டகொடை என்று கொழும்புக்கே பொதுக் கறியாகிப் பல தலைமுறை ஆகிவிட்டது. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் ஆட்டுக்குடலுக்குச் சொல்லிவைத்து வாங்கும் வீடுகள் உண்டு. நல்ல சாப்பாடு. மலிவான சத்து.

ஆனால் ஒன்றைக் கவனித்தீர்களா? வீடியோ தொடங்கும்போதே குடல் கழுவி முடிந்திருக்கும்!

"சுத்தம் செய்த குடல் அரைக் கிலோ" என்று ஒரே வரி. யார் சுத்தம் செய்தது? எங்கே வைத்து? அந்தத் தண்ணீர் எங்கே தெறித்தது? ஒருவரும் காட்டுவதில்லை. உங்கள் பாட்டி பின்வளவுப் பைப்படியில் குந்தியிருந்து கழுவினா. நீங்கள் மாடிவீட்டுக் குசினியில், கோப்பை கழுவும் அதே சிங்கில் கழுவுகிறீர்கள். ஆபத்து அங்கேதான் வீட்டுக்குள் வருகிறது. சட்டி அடுப்பில் ஏறும் நேரம் அது ஏற்கெனவே குசினி முழுக்கப் பரவியாயிற்று.

பஞ்சிகாவத்தைப் பக்கம் நடந்ததைக் கேளுங்கள். பெயர் வேண்டாம். இரண்டு அறை, ஒரு குசினி, ஒரே ஒரு சிங்க். மருமகள் கெட்டிக்காரப் பெண். கணவனுக்குக் குடல் என்றால் உயிர். மாமி அதை வாயில் வைக்க மாட்டா. மூன்று வயதுப் பேத்திக்கு உறைப்பு ஆகாது, அவளுக்குப் பருப்பும் சோறும்தான். போயாவுக்கு இறைச்சிக் கடை பூட்டுவார்கள் என்று முதல் நாளே மாட்டுக்குடல் வாங்கிவந்தாள். வீடியோவில் சொன்ன மசாலா எல்லாம் அரைத்துவைத்தாள். பிறகு பைப்பை முழுக்கத் திறந்துவிட்டு, ஈர்க்கிலால் குடலைப் புரட்டிப் புரட்டிக் கழுவினாள். தண்ணீர் வேகமாக அடித்தது. நாலு பக்கமும் தெறித்தது. ஒரு முழம் தள்ளி, தட்டில் கவிழ்த்து வைத்திருந்தது பிள்ளையின் சூப்பிப் போத்தல். அதற்குப் பக்கத்தில் மாமிக்கென்று அரிந்துவைத்த வல்லாரை.

குழம்பு இரண்டு மணி நேரம் கொதித்தது. தின்றவர்களுக்கு ஒரு ஏப்பம்கூட அதிகமாக வரவில்லை.

மூன்றாம் நாள் பேத்திக்கு வயிற்றோட்டம். அடுத்த நாள் அதில் இரத்தம். 'உடம்புச் சூடு' என்று இளநீர் கொடுத்தார்கள். பார்மசியில் வயிற்றோட்டத்தை நிறுத்தும் மருந்து வாங்கிக் கொடுத்தார்கள். வயிற்றோட்டம் குறைந்தது. வீட்டார் நிம்மதிப்பட்டார்கள். பிள்ளை மட்டும் வெளிறிப்போய்க் கிடந்தது. கண்ணிமை வீங்கியது. காலையிலிருந்து ஒரு தடவைகூட மூத்திரம் போகவில்லை என்பதை மாமிதான் முதலில் கவனித்தா.

ஆஸ்பத்திரியில் டொக்டர் என்ன சமைத்தீர்கள் என்று கேட்டார். "பிள்ளை குடலைத் தொடவே இல்லையே டொக்டர்" என்றாள் தாய்.

"தின்னதைக் கேக்கல்ல அம்மா. எங்க வச்சுக் கழுவினீங்க?"

பிள்ளை தப்பிவிட்டது. வாரக்கணக்கில் வார்ட்டில் இருந்து தப்பியது. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது, பிரஷர் ஏறுகிறதா என்று பார்க்க இன்னும் கிளினிக்குக்குக் கொண்டுபோகிறார்கள். அந்தச் சிங்கிலிருந்துதான் வந்தது என்று யாராலும் சத்தியம் பண்ண முடியாது. ஆனால் மாட்டின் குடலில் ஈ.கோலை ஓ157 என்ற கிருமி குடியிருக்கும். மாட்டுக்கு அதனால் ஒரு நோயும் இல்லை, பார்வைக்குக் கொழுத்த நல்ல மாடு. மனிதருக்கோ நூறு கிருமிகூட வேண்டாம், அதற்குக் குறைவே போதும். சின்னப் பிள்ளைகளில் அது இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்து, சிறுநீரகத்தை நிறுத்திவிடக்கூடியது.

இது ஏதோ ஒரு வீட்டின் கெட்ட காலம் என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் 1988 நவம்பரிலிருந்து 1989 ஜனவரி வரை, பண்டிகை நாட்களில், கைக்குழந்தைகள் வரிசையாக வயிற்றோட்டத்தோடு வந்தார்கள். அநேகமானோர் சில மாதக் குழந்தைகள். சோறே தின்னாத வயது! ஆராய்ந்து பார்த்தால், அந்த வீடுகளில் பண்டிகைக்குப் பன்றிக்குடல் கழுவியிருக்கிறார்கள். யெர்சினியா என்ற கிருமி. குடல் கழுவிய கையே குழந்தையைத் தூக்கியது, போத்தலை நிரப்பியது. அந்த ஆய்வு 1990இல் மருத்துவ இதழில் வந்தது. சமைத்த குடல் குற்றவாளி இல்லை. கழுவிய கைதான்.

1996இல் ஸ்கொட்லாந்தின் விஷோ நகரில் நடந்தது இன்னும் பெரிது. பச்சை இறைச்சியும் சமைத்த இறைச்சியும் ஒரே இடத்தில் புழங்கியதால் அதே ஓ157 பரவி, ஏறக்குறைய 500 பேர் படுத்தார்கள். பதினேழு பேருக்குக் குறையாமல் இறந்தார்கள், பெரும்பாலும் முதியவர்கள்.

அதனால் தெளிவாகக் கேளுங்கள். குடலைப் பைப்புக்குக் கீழே பிடித்து அடிக்கக் கூடாது!

பெரிய வாளி ஒன்றை எடுங்கள். பைப்படியோ பாத்ரூம் தரையோ, குசினிக்கு வெளியே எங்காவது வையுங்கள். தண்ணீரை முதலில் நிரப்பி, குடலை அதற்குள் அமுக்கி, நீருக்கு அடியிலேயே அலசுங்கள். தெறிக்கவே கூடாது. ஊற்றும்போதும் மெதுவாக ஊற்றுங்கள். பாபத்தில் துவாலை மாதிரி இருக்கும் பகுதி இலேசாகச் சுத்தமாகும். புத்தகத் தாள் மாதிரி மடிப்பு மடிப்பாக இருக்கும் பகுதிதான் சதிகாரன். ஒவ்வொரு தாளையும் விரலால் விரித்துப் பாருங்கள், அரைத்த புல் பச்சையாக ஒட்டிக்கொண்டிருக்கும். ஒரு தாளைத் தவறவிட்டாலும் போச்சு. பிறகு உப்பு, மஞ்சள், சுடுதண்ணீர். முதல் கொதித் தண்ணீரை ஊற்றிவிட்டு, புதுத் தண்ணீரில் அவியுங்கள். சுண்ணாம்பு போட்டுத் தேய்க்கிற வீடுகள் உண்டு. ஒரு துளி கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். அந்த நேரம் பிள்ளைகள் கிட்ட வரக் கூடாது.

கழுவி முடித்ததும் சிங்க்கையும் தரையையும் ப்ளீச் போட்டுக் கழுவ நினைப்பீர்கள். நல்லது. ஆனால் குடலில் வினாகிரியோ தேசிக்காய்ப் புளியோ பூசியிருந்தால், அது கிடக்கும் இடத்தில் ப்ளீச்சை ஊற்றாதீர்கள்! டொய்லட் கழுவும் அசிட்டோடும் சேர்க்காதீர்கள்! குளோரின் வாயு கிளம்பும். ஜன்னல் இல்லாத குசினியில் மூச்சுமுட்டி விழுந்துவிடுவீர்கள். முதலில் சவர்க்காரமும் நிறையத் தண்ணீரும். எல்லாம் வழிந்து போன பிறகு ப்ளீச்.

வல்லாரையும் தேங்காய்ச் சம்பலும் நமது குசினியில் பச்சையாகவே தட்டுக்கு வருபவை. நெருப்பைக் காணாதவை. குடல் நாளில் அவற்றை முதலில் அரிந்து, மூடி, வேறு அறையில் வையுங்கள். அதற்குப் பிறகுதான் குடல் பையை அவிழ்க்க வேண்டும். பலகையும் கத்தியும் வேறு வேறு.

இனிக் கடையில் ஏமாறாமல் இருப்பது எப்படி?

நல்ல ஈரல் பளபளப்பாக, வழுவழுப்பாக, ஒரே நிறமாக இருக்கும். விரலால் அமுக்கினால் மீண்டு வரும். ஓரம் பச்சை பாய்ந்திருந்தால், மேலே பிசுபிசுவென்று நூல் இழுத்தால், புளித்த நெடி அடித்தால், விலை எவ்வளவு குறைவானாலும் திரும்பி வந்துவிடுங்கள். வெட்டும்போது கத்தியில் மணல் மாதிரி நறநறத்து, குழாய் தடித்து வெள்ளையாகத் தெரிந்தால் ஈரல் தட்டைப்புழு வந்து போன மாடு. சில வேளை இலை மாதிரித் தட்டையான புழுவே வெளியே வரும். அந்த ஈரல் குப்பைக்கு. நுரையீரலிலும் ஈரலிலும் தண்ணீர் நிறைந்த வெள்ளைக் கட்டிகள் இருந்தால் அதுவும் குப்பைக்கு. குடல் மட்டும் பால் போல வெள்ளையாக, மணமே இல்லாமல் இருந்தால்? சந்தோஷப்படாதீர்கள். எதைப் போட்டு வெளுத்தார்கள் என்று கடைக்காரரிடம் கேளுங்கள்.

இலங்கையில் இறைச்சிக் கடைக்காரர் சட்டம் 1893ஆம் ஆண்டிலேயே வந்தது. பரிசோதித்து முத்திரை குத்த ஆட்கள் இருக்கிறார்கள். ஆனால் நீங்கள் பார்க்கும் முத்திரை தொடையில் இருக்கும். வாளிக்குள் கிடக்கும் குடல் அதே மாட்டினுடையதுதானா? உங்கள் கண்ணும் மூக்கும்தான் அங்கே பரிசோதகர். சந்தேகமாக இருந்தால் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு (பி.எச்.ஐ.) சொல்லுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

இந்தியன் ஸ்டைலில் நான் பயப்படுவது இதற்குத்தான். நமது தேங்காய்ப்பால் கறியில் பழுதான வாடை எப்படியும் கிளம்பிக் காட்டிக்கொடுக்கும். இஞ்சி, பூண்டு, மிளகு, கிராம்பு, கறுவா, தயிர் எல்லாம் சேர்ந்து பிரட்டி ஊறவைத்தால் மூக்குக்கு முகமூடி போட்டதுபோல ஆகிவிடும். மஞ்சளும் மிளகாய்த்தூளும் நிறத்தையும் மறைத்துவிடும். மசாலா போட முதல் பாருங்கள், முகருங்கள்! போட்ட பிறகு ஒன்றும் தெரியாது.

கோழி ஈரல் விஷயத்தில் நன்றாக வேகவைப்பது உயிர்ப் பிரச்சினை. "அதிகம் வதக்காதீங்க, ரப்பர் ஆயிடும்" என்று எல்லா வீடியோவிலும் ஒரு புத்திமதி. கேட்காதீர்கள்! கம்பிலோபக்டர் என்ற கிருமி கோழி ஈரலின் மேலே மட்டுமல்ல, உள்ளேயும் இருக்கும். நடு ஈரல் 74 பாகை செல்சியசுக்குச் சூடேற வேண்டும். வீட்டில் வெப்பமானி இல்லாவிட்டால், சட்டியிலேயே பெரிய துண்டு ஒன்றை எடுத்து இரண்டாக வெட்டிப் பாருங்கள். நடுவில் இளஞ்சிவப்புத் தெரிந்தால் இன்னும் வேக வேண்டும். இந்தக் கிருமி வயிற்றோட்டத்தோடு போனால் புண்ணியம். அபூர்வமாகச் சிலருக்கு வாரங்கள் கழித்துக் கால் மரத்து, நடக்க முடியாமல், மூச்சுவரை முடங்கிப்போகும். ரப்பராகவே இருக்கட்டும்.

பிள்ளைத்தாய்ச்சிமாரே, உங்களுக்கு வேறு எச்சரிக்கை.

"இரத்தம் ஊற ஈரல் தின்னு மகள்" என்று மாமியும் சொல்வா, அம்மாவும் சொல்வா. இரும்புச் சத்து உண்மைதான். ஆனால் ஈரல் என்பது விலங்கு தன் விற்றமின் ஏயில் பெரும்பகுதியைச் சேமித்து வைக்கும் இடம். கர்ப்பிணிக்கு ஒரு நாளைக்கு உச்ச வரம்பு 3,000 மைக்ரோகிராம். 100 கிராம் மாட்டீரலிலேயே அது கிட்டத்தட்ட 5,000. ஆட்டீரலில் இன்னும் கூட. 1995இல் வெளிவந்த பொஸ்டன் ஆய்வு 22,000க்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளைப் பார்த்தது. ஈரலில் இருக்கும் இந்த வகை விற்றமினை அளவுக்கு மிஞ்சி எடுத்தவர்களின் குழந்தைகளில் பிறவிக் குறைபாடு கூடியிருந்தது. முதல் மூன்று மாதம்தான் மிகவும் ஆபத்தான காலம், அதிலும் முதல் வாரங்கள் பலருக்குக் கர்ப்பமே தெரியாத காலம். பிரித்தானியாவில் கர்ப்பிணிகள் ஈரலே தொடக் கூடாது என்றுதான் சொல்கிறார்கள். ஒரு தடவை தெரியாமல் தின்றுவிட்டால் அழ வேண்டாம், அடுத்த கிளினிக்கில் மிட்வைஃபிடம் சொல்லுங்கள். இரும்புக்குக் கிளினிக்கில் குளிசை தருகிறார்கள்.

யூரிக் அசிட் உள்ள அண்ணன்மாரும் கவனம். பெருவிரல் சிவந்து வீங்கி, போர்வை பட்டாலே துடிக்கும் வலி வந்தவர்களுக்கு ஈரல், சிறுநீரகம், மூளை மூன்றுமே விரோதி. மூளை 100 கிராமில் ஆயிரம் மில்லிகிராமுக்கு மேல் கொலஸ்ட்ரோல். பைத்திய மாட்டு நோய் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். 1986இல் பிரித்தானியாவில் கண்டுபிடித்து, 1996இல் மனிதருக்கும் வரும் என்று அறிவித்த அந்த நோயை எந்தக் கொதியும் அழிக்காது, உண்மை. ஆனால் மருதானை மேசையில் எனக்கு அதைவிடப் பெரிய பயம் இருதய அடைப்புத்தான்.

இன்னும் இரண்டு, சுருக்கமாக. கழுத்து வெட்டு, தொண்டை வெட்டு என்று கலந்து தரும் மலிவுப் பையை வாங்காதீர்கள். தைரொயிட் சுரப்பி அதில் வந்துவிடும். 1984, 85இல் அமெரிக்காவின் மினசோட்டாப் பக்கம் அப்படி அரைத்த இறைச்சி தின்ற நூற்றுக்கும் மேற்பட்டோர் இருதயம் படபடத்து, உடம்பு மெலிந்து, காரணமே தெரியாமல் அலைந்தார்கள். நன்றாகச் சமைத்த இறைச்சிதான்! வெப்பம் அந்த ஹோர்மோனை அழிப்பதில்லை. இரண்டாவது, பித்தப்பை. சீனி வருத்தத்துக்கு நல்லதென்று மீனின் பித்தப்பையைப் பச்சையாக விழுங்கும் மூடத்தனம். இந்தியாவில் ரோகு மீன் பித்தப்பையை விழுங்கியவர்கள் சிறுநீரகம் செயலிழந்து டயாலிசிசுக்குப் போயிருக்கிறார்கள். நமது குளங்களிலும் அந்த மீன் உண்டு.

சிறுநீரகம் வெட்டுகிறவர்கள் கையில் கீறல் இருந்தால் கையுறை போடுங்கள். எலிக்காய்ச்சல் கிருமி மாடு, எருமையின் சிறுநீரகத்திலும் குடியிருக்கும். 2008இல் இந்த நாட்டில் 7,000க்கும் மேற்பட்டோருக்கு எலிக்காய்ச்சல் வந்து, 200 பேர்வரை இறந்ததை மறந்துவிட்டோம். அவர்களில் அநேகர் வயலில் நின்றவர்கள். ஆனாலும் கிருமிக்கு வயலும் குசினியும் ஒன்றுதான்.

இனி ஹஜ்ஜுப் பெருநாள் பை. குர்பான் இறைச்சி பங்குபோட்டு வரும்போது ஈரலும் குடலும் இளஞ்சூடாகவே வந்துசேரும். "இப்பதான் அறுத்தது, பழுதாகாது" என்று மேசையில் விட்டுவிட்டு விருந்தினரைக் கவனிக்கப் போய்விடுகிறோம். கொழும்பு வெயிலில் ஒரு மணி நேரம்கூட வெளியே வைக்கக் கூடாது. சின்னச் சின்னப் பொட்டலமாகப் பிரித்து உடனே குளிரூட்டுங்கள். மொத்தமாக ஒரே பையில் திணித்தால் நடுப்பகுதி மணிக்கணக்கில் குளிராது. ஃபிரிட்ஜில் அடித்தட்டில்தான் வையுங்கள், மேல்தட்டில் வைத்தால் இரத்தம் சொட்டும். கீழே பால் இருக்கும், கேக் இருக்கும்.

"அடுத்த நாள்தான் ருசி" என்று குழம்புச் சட்டியை இராத்திரி முழுக்க அடுப்பிலேயே மூடிவைப்பதும் வேண்டாம். இரண்டு மணி நேரம் கொதித்தாலும் சாகாத வித்துகள் உண்டு. குளோஸ்ட்ரிடியம் பெர்ஃபிரின்ஜன்ஸ் என்று பெயர். சட்டி மெதுவாக ஆறி 45 பாகைப் பக்கம் வரும்போது அவை முளைக்கும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். காலையில் மணமும் நிறமும் மாறாது. மாறியிருந்தாலும் மசாலா காட்ட விடாது. குழம்பை அகலமான ஏதனத்தில் ஊற்றி, தண்ணீரில் வைத்து ஆற்றி, இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜுக்குள் வையுங்கள். எடுத்தால் கொதிக்கக் கொதிக்கச் சூடாக்குங்கள், வேண்டிய அளவு மட்டும்.

கழிவை என்ன செய்கிறீர்கள்? ஒழுங்கை நாய்க்கு எறிகிறீர்களா?

எறியாதீர்கள்! நான் சொன்ன அந்தத் தண்ணீர்க் கட்டியை நாய் தின்றால் அதன் குடலில் ஒருவகை நாடாப்புழு வளரும். சில வாரங்களில் அதன் மலத்தில் முட்டை. அது மண்ணில், நாயின் மயிரில், அதைத் தடவும் பிள்ளையின் விரலில். பிள்ளையின் ஈரலில் அதே கட்டி ஆண்டுக்கணக்காகச் சத்தமில்லாமல் வளரும். பெரிதானால் ஒப்பரேஷன். புண்ணியம் செய்வதாக நினைத்துப் பாவத்தைத் தேடாதீர்கள். நாய்க்குக் கொடுத்தே ஆக வேண்டுமென்றால் முக்கால் மணி நேரம் கொதிக்கவைத்துக் கொடுங்கள். இல்லாவிட்டால் இரட்டைப் பையில் கட்டி, மாநகர சபை வண்டி வரும் நேரத்தில் வெளியே வையுங்கள். இராத்திரி வைத்தால் நாயும் காகமும் அவிழ்த்துவிடும்.

எல்லாம் கடந்து வயிற்றோட்டம் வந்துவிட்டால், முதலில் ஜீவனி. கொதித்தாறிய நீரில் கரைத்து, சிறிது சிறிதாக. மலத்தில் இரத்தம் கண்டால் வயிற்றோட்டத்தை நிறுத்தும் மருந்து பிள்ளைக்குக் கொடுக்கவே வேண்டாம். போன தடவை மிஞ்சிய அன்டிபயோடிக்கும் வேண்டாம். இரண்டுமே ஓ157 விஷயத்தில் நிலைமையை மோசமாக்கலாம். இரத்தம், விடாத சத்தி, மூத்திரம் குறைதல், முகம் வெளிறுதல், கண் வீங்குதல், கால் மரத்தல், இதில் ஒன்று கண்டாலும் விடியும்வரை காத்திருக்காதீர்கள். 1990க்கு அடியுங்கள், சுவசெரிய வண்டி காசில்லாமல் வரும். டொக்டர் கேட்கும்வரை பொறுக்க வேண்டாம். நீங்களே முதலில் சொல்லுங்கள்: வீட்டில் குடல் கழுவினோம், இன்ன நாள், இன்ன இடத்தில். பிள்ளை அதைத் தின்னாவிட்டாலும் சொல்லுங்கள்.